பெட்டியின் மேல் சந்தனம்

பழைய வீடியோ கேம் சேர்க்கிறவர்களிடம் எதைக் காட்டினாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "பெட்டி இருக்கா?" கருவி ஓடுகிறதா, திரையில் படம் தெரிகிறதா, பொத்தான் அழுந்துகிறதா என்பதெல்லாம் அப்புறம். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்தைப் பற்றி விசாரிப்பது போலத்தான் இது. வெளியாருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது, ஏனென்றால் நானும் அதையேதான் கேட்பேன். இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பிழைப்பும் பெட்டியோடுதான். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை. கன்டெய்னரைத் திறந்து பெட்டிகளை இறக்கும்போது மூலை நசுங்கியிருக்கிறதா, ஈரம் பட்டிருக்கிறதா, டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். ஒரு பார்வை போதும் எனக்கு. நசுங்கிய பெட்டிக்குள் பொருள் முழுசாகவே இருந்தாலும் வாங்குகிறவன் வேண்டாம் என்று திருப்பிவிடுவான். பெட்டி கெட்டால் பொருள் கெட்டது என்பது எங்கள் கிடங்கில் வேதவாக்கு. அதை வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இந்தப் பெட்டிப் பைத்தியம் எங்கே பிடித்தது என்றும் எனக்குத் தெரியும். நான் சின்னவனாக இருந்தபோது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது பெரியப்பா மகனுக்குப் புதிதாக ஒரு கேம் கருவி வாங்கினார்கள், பழையது எனக்கு வந்தது. அவன் போட்டுக் கழித்த காற்சட்டைகள் வரும் அதே வழியில், அதே மாதிரிப் பையில் வந்தது. ஒயரைச் சுற்றி, பழைய நாளிதழில் பொதிந்து, மளிகைக்கடைப் பைக்குள் போட்டிருந்தார்கள். ஒரு கன்ட்ரோலரில் வலப்பக்கப் பொத்தான் உள்ளே போனால் வெளியே வராது, நகத்தால் நெம்பவேண்டும். ஆனாலும் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு சந்தோஷம்.

ஒரு மாதம் போயிருக்கும். பள்ளித் தோழன் ஒருவன் அவன் வீட்டுக்கு விளையாடக் கூப்பிட்டான். அவனிடமும் அதே கருவி. ஆனால் அது அவர்கள் வீட்டு ஷோகேஸில், அப்பா அம்மா கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், பெட்டியோடு இருந்தது. அவன் அப்பா இரண்டு கைகளாலும் அதை இறக்கி, தரையில் வைத்து, மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளை நுரை அட்டையில் கருவிக்கு ஒரு குழி, கன்ட்ரோலர்களுக்கு இரண்டு குழி, ஒயருக்கு ஒன்று. விளையாடி முடித்ததும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குத் திரும்பிப் போனது. பெட்டியின் பக்கவாட்டில் கடைக்காரர் ஒட்டிய சின்னச் சீட்டுகூட அப்படியே இருந்தது.

வீட்டுக்கு நடந்து வந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவனுடைய கருவி என்னுடையதைவிட நன்றாக ஓடியது என்பதால் அல்ல. அவனுக்காக ஒருவர் கடைக்குப் போயிருக்கிறார், கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததைக் காட்டி, இது என் பையனுக்கு என்று சொல்லியிருக்கிறார். பெட்டி என்றால் எனக்கு அதுதான். எனக்கென்று யாரும் கடைக்குப் போகவில்லை. அப்பாவைக் குறை சொல்லவில்லை, அவர் சம்பளத்தில் சோறு வந்ததே பெரிது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் மனசுக்கு நியாயம் பேசத் தெரியாது, ஐம்பதை நெருங்கும் எனக்கும் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

என் மனைவி தையல் வேலை செய்கிறாள். கிள்ளானில் எங்கள் வீட்டு முன்கூடம் முழுக்க அவளுடையதுதான். மூன்று மெஷின்கள், வெட்டுகிற மேஜை, தைத்து முடித்ததை மாட்டும் கம்பி. தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் கூடத்தில் காலை வைத்தால் ரவிக்கைத் துணியில்தான் வைக்கவேண்டும். என் சாமான்களுக்குப் பின்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி கொடுத்திருக்கிறாள். அதற்கு அவள் வைத்த பெயர் 'பெட்டிக்கடை'. கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் ஒரு காலிப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து அவள் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

"ஏங்க, புடவை வாங்குனா புடவையைக் கட்டிக்கிறோம். அது வந்த அட்டைப் பொட்டியையா கட்டிக்கிறோம்?"

"அதும் இதும் ஒண்ணா?"

"ஒண்ணுதான் லா. கட்டிக்கத் தெரியாதவங்கதான் பொட்டிய பத்திரமா வச்சிருப்பாங்க."

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அது பிடிக்கும். அப்போது பிடித்தது என்று சொன்னேனா என்பதுதான் நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் இருவரும் விளையாடுவோம். மகள் சின்னவளாக இருந்தபோது அவளும் நடுவில் வந்து உட்காருவாள். அவள் பினாங்குக்குப் படிக்கப் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும். மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்கவேண்டும், அந்த விளையாட்டுத்தான் என் மனைவிக்கு உயிர். தரையில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக்கூட எடுக்காமல் உட்காருவாள். ஒரு முழம் துணியில் கைக்கும் கழுத்துக்கும் இடம் பார்த்து வீணாகாமல் வெட்டுகிறவளுக்கு அந்தக் கட்டைகள் எம்மாத்திரம்? நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் மூன்று வரிசையை அழித்திருப்பாள். தோற்றவர் பால் ஊற்றாத டீ, தே ஓ, கலக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தே ஓ எப்போதும் என் கைப்பக்குவம்தான்.

அப்படி இருந்த காலத்தில்தான் அந்தப் பெட்டி கிடைத்தது. செலாயாங்கில் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில் பழைய மின்சாதனக் கடை ஒன்றை மூடப்போகிறார்கள், மாடியில் விற்காத சரக்கு கிடக்கிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார். சனிக்கிழமை காலையிலேயே போய் நின்றேன். மாடியில் காற்றாடிப் பெட்டிகளுக்கும் ரேடியோப் பெட்டிகளுக்கும் பின்னால் அது இருந்தது. அதே கருவி, அதே வருடத்து மாதிரி, பிரிக்காத பெட்டி. பக்கவாட்டில் கடைச்சீட்டுகூட இருந்தது. கடைக்காரர் தூசியைத் தட்டிக் கொடுத்தபோது நான் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கியதைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டுத் தொடு என்று சொன்னேன், அவளும் கழுவிவிட்டு வந்தாள். இரண்டு பேருமாகத் திறந்தோம். வெள்ளை நுரை அட்டை, நான்கு குழி, கட்டவிழ்க்காத ஒயர். அவள் குனிந்து மோந்து பார்த்து, "புதுச் செருப்பு வாசம் வருதுங்க" என்றாள். ஷோகேஸ் கதையை அவளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை.

"உங்களுக்குன்னே இத்தனை வருசம் காத்துக்கிட்டு இருந்திருக்கு" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காத மாதிரி எழுந்துபோய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு அடுத்த பண்டிகை அதுதான். முந்தின நாளே மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுவாள். மறுநாள் சந்தனத்தைப் பன்னீரில் குழைத்துக்கொண்டு கிளம்பினால் வீட்டில் ஒயர் உள்ளது, சக்கரம் உள்ளது, கூர் உள்ளது எதுவும் தப்பாது. கத்தரிக்கோல், அளவு டேப், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், துணி துவைக்கும் மெஷின், என் கார், என் மோட்டார் சைக்கிள், நான் கிடங்குக்குப் போட்டுப்போகும் மஞ்சள் தொப்பி, எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். கேஸ் அடுப்புக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஆயுத பூஜைக்கு இங்கே பொது விடுமுறை கிடையாது. அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் வந்துவிடுவது என் வழக்கம்.

அன்றும் அப்படித்தான் வந்தேன். வீடெல்லாம் சாம்பிராணி. கூடத்தில் மெஷின்களுக்கு முன்னால் கோலம் போட்டு, பொரி, அவல், சுண்டல், பழம் எல்லாம் வைத்திருந்தாள். அந்த வரிசையில், நடுவில், மணைப் பலகையின் மேல் என் பெட்டி இருந்தது.

அதன் முகப்பில் மூன்று பொட்டு. பெரிய சந்தனப் பொட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். மேல் மூலையில் ஒரு செவ்வந்திப் பூவை வைத்து, விழாமல் இருக்க டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.

"என்ன செஞ்சு வச்சிருக்க?"

அவள் அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "பூசைக்குங்க. உங்க சாமான்லேயே இதுதான முக்கியம்? அதான் மெஷினுக்குக்கூட அப்புறம்தான் வச்சேன், முதல் பொட்டு இதுக்குத்தான்."

அவள் சொன்னது காதில் விழுந்தது. புத்தியில் விழவில்லை. நான் அதற்குள் ஈர டிஷ்யூவை இழுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். துடைக்கத் துடைக்கக் குங்குமம் கரைந்து, பெட்டிப் படத்தில் இருந்த நீல வானமெல்லாம் ரோஸ் நிறமாகிப் பரவியது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். பழைய அட்டை, ஈரத்தில் ஊறி, மேல்தாள் திரி திரியாக எழும்பி வந்தது. டேப்பை உரித்தேன், பூவோடு சேர்ந்து மூலைப் படமும் வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் போயிருக்கும். வாய் என்று ஒன்று இருக்கிறதே.

"உனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஊசியும் நூலும்தான். இதோட மதிப்பு உனக்கு எப்படித் தெரியும்? குரங்கு கையில பூமாலைய குடுத்த கதையா போச்சு!"

ஊசியும் நூலும் அடுக்கிவைத்துக் கும்பிடுகிற நாளில், அவற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை, நான் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்குகளில் இருந்த சந்தனத்தைக்கூட விடாமல் தேய்த்துக் கழுவினாள். பிறகு வந்து கற்பூரம் ஏற்றினாள். சுண்டலைத் தட்டில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் சாரி சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், கார்ச் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டே சொன்னேன்.

"பரவால்லங்க. எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

சொன்னது போலவே நடந்துகொண்டாள். அதன் பிறகு அவள் தொடவில்லை.

முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. பின்னறையைக் கூட்டுவாள், அலமாரிக்கு முன்னால் ஓரடி விட்டுவிட்டுக் கூட்டுவாள். கண்ணாடியில் தூசி படிந்தது, நானே துடைத்தேன். ஏதாவது புதிதாக வாங்கி வந்தால் "கெடச்சிருச்சா?" என்பாள், கிட்டே வரமாட்டாள். பெட்டிக்கடை என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். "ஒரு ரவிக்கை அர்ஜென்ட்டா முடிக்கணும், நீங்க ஆடுங்க." அடுத்த வாரம் பள்ளிச் சீருடை. அதற்கடுத்த வாரம் தலைவலி. இரண்டாவது கன்ட்ரோலரின் ஒயரை நான் சுற்றி வைத்தது எந்த வாரம் என்று எனக்கே தெரியாது. சண்டை இல்லை. சமையல் அப்படியே ருசி, பேச்சு அப்படியே பதமாக. வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. மூலை நசுங்காத பெட்டி.

பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எங்கள் குழுவில் எனக்கு நெருக்கம். அவரும் கேம் சேர்க்கிறவர்தான், ஆனால் பெட்டி என்ற பேச்சே கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் கேசட்டுகளைக் கொட்டி வைத்திருப்பார், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்து ஆடுவார். "பொட்டிய வச்சு என்ன பாஸ் செய்றது, பாக்கு வெத்தல மாத்தவா?" என்று என்னைக் கிண்டல் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. கறை பட்ட பெட்டியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். துணியில் எந்தக் கறை எதற்குப் போகும் என்று தெரிந்தவர், ஏதாவது வழி சொல்வார் என்ற நப்பாசை. நடந்ததையும் சொன்னேன்.

அவர் பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"துடைச்சது யாரு?"

"நான்தான்."

"தொடாம விட்டிருந்தா சந்தனம் காஞ்சு பொட்டுப் பொட்டா உதிர்ந்திருக்கும் பாஸ். பட்டுப் புடவையில பட்டாலே நாங்க காயவிட்டுத்தான் தட்டுவோம். லேசா ஒரு கறை நின்னிருக்கும், அவ்ளோதான். கெடுத்தது அவங்க இல்ல, நீங்க."

சொல்லிவிட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தார். டீ வரவழைத்தார். அன்றைக்குக் கிள்ளான் வரை கொமியூட்டர் ரயிலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, அவள் சொன்னது புத்தியில் விழுந்தது. முதல் பொட்டு இதுக்குத்தான். அவளுக்குச் சோறு போடும் மெஷினுக்கு முன்னால், அவள் அக்கா வாங்கிக் கொடுத்த கத்தரிக்கோலுக்கு முன்னால், எனக்கு யாரோ கடைக்குப் போய் வாங்கித் தந்தது போல வந்த அந்த அட்டைப் பெட்டிக்கு வைத்திருக்கிறாள். அதன் மதிப்பு அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை பின்னறைக்குப் போனதுதான். காருக்குப் பொட்டு இருந்தது. மோட்டாருக்கு இருந்தது. மஞ்சள் தொப்பிக்கு இருந்தது. கண்ணாடி அலமாரியில், கதவில், கைப்பிடியில், எங்குமே இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அலமாரியை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை தேடினேன்.

"இதுக்கு வைக்கலையா?"

"வேணாங்க, கறை பட்டுரும்" என்றாள், தேங்காயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே என் பொருள் கெடக்கூடாது என்ற அக்கறையில் சொன்னாள். அந்த அக்கறைதான் என்னைக் கொன்றது.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்ய முடிவு செய்தேன். கிடங்கில் சேதமான பெட்டி வந்தால் அதற்குப் பதில் நல்ல பெட்டி ஒன்றை வரவழைப்போம், விவகாரம் முடிந்துவிடும். இதற்கும் அப்படி ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். கெட்டது சரியாகிவிட்டது என்று அவளுக்குக் காட்டிவிட்டால், அவள் மறுபடியும் கழுத்தில் டேப்போடு வந்து உட்காருவாள். ஐம்பது வயது ஆணின் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது.

ஏழெட்டு மாதம் தேடினேன். கடைசியில் காப்பாரில் ஒரு வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. மோட்டாரில் போனேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஆன்டி கதவைத் திறந்தார். மகன் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டானாம், அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டானாம். அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கி, கைலி நுனியால் துடைத்து மேஜையில் வைத்தார். அப்படி ஒரு பெட்டியை நான் பார்த்ததில்லை. மூலைகள் நாலும் கூர், நீல வானம் அப்படியே நீலம்.

"அவன் தூக்கிப் போடாதம்மா, தூக்கிப் போடாதம்மான்னு சொல்லிச் சொல்லி நானும் போடல. இப்ப அவனே வேணாங்கிறான். நீங்க இத வச்சு என்ன செய்வீங்க தம்பி?"

"வச்சுப் பார்ப்பேன் ஆன்டி."

"பார்க்கவா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது ரெண்டு பேரு ஆடுறது லா. என்னையே புடிச்சு உட்கார வைப்பான், எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா அமுக்கிட்டு இருப்பேன். உங்க வீட்டுல கூட ஆட யாரு இருக்கா?"

இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காப்பார் சாலையில் லோரிகளுக்கு ஓரம் ஒதுங்கி ஒதுங்கி, பெட்டியை மடிக்கும் வயிற்றுக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு ஓட்டினேன். அவள் முகம் எப்படி மலரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க. பழசு மாதிரியே இருக்கு." கை இரண்டையும் மடியில் வைத்தபடிதான் இருந்தாள். "பத்திரமா வைங்க."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

எது எனக்கு வேண்டும் என்பது அங்கே நின்றபோது தெரிந்துவிட்டது. எனக்குப் பெட்டி வேண்டாம். அவள் கை வேண்டும். கழுவாத கையாக இருந்தாலும் சரி, துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டிப் பொடியோ எண்ணெயோ ஒட்டிய கையாக இருந்தாலும் சரி, என் சாமான் மேல் கூச்சமில்லாமல் விழுகிற அந்தக் கை. என்னைத் தோற்கடித்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரிக்கிற அவள் வேண்டும். இதை அவளிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. குரங்கு, பூமாலை என்று சொல்லும்போது மட்டும் மடமடவென்று வந்தது.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு முழுநாள் லீவு போட்டேன். காலையில் ஜாலான் தெங்கு கெலானா கடைத்தெருவுக்குப் போய்ப் பூ, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் நானே வாங்கி வந்தேன். அவள் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தாள். நான் பின்னறைக்குப் போய், காப்பார் பெட்டியை எடுத்து வந்து, கூடத்தில் மெஷின்களுக்கு நடுவில் மணையைப் போட்டு அதன் மேல் வைத்தேன். அவள் பார்த்தாள்.

பெரிய மெஷினில் ஆரம்பித்தாள். சந்தனம், குங்குமம். இரண்டாவது மெஷின், மூன்றாவது மெஷின். கத்தரிக்கோல், டேப், இஸ்திரிப் பெட்டி. பெட்டிக்கு முன்னால் வந்ததும் கை நின்றது.

"வை" என்றேன்.

"வேணாங்க."

"நான்தான சொல்றேன். வைமா. மூணும் வை. பூவும் ஒட்டு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து, தைத்து முடித்த துணி மாட்டும் கம்பிப் பக்கம் போனாள். கல்யாணப் புடவைகளைக் கஸ்டமருக்குக் கொடுக்கும்போது போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை ஒன்றை அவள் எடுத்து வந்தாள். உட்கார்ந்து, பெட்டியின் மேல் விரல் படாமல் உறையை மாட்டினாள். வாயைக் காற்றுப் புகாமல் இரண்டு மடிப்பு மடித்தாள். முகப்பில் இருந்த சுருக்கத்தைத் துணியை நீவுவது போல் உள்ளங்கையால் நீவிவிட்டாள். அதன் பிறகு, பிளாஸ்டிக்கின் மேல், வரிசையாக மூன்று சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தாள். பூவை ஒட்டினாள்.

"இப்ப ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள்.

கற்பூரம் காட்டினாள். நான் கையைக் குவித்து நின்றேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பொரியும் சுண்டலும் சாப்பிட்டோம். கார்ச் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு உள்ளே வந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து உறையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மெதுவாக வெளியே நழுவவிட்டு, ஈரத் துணியால் பிளாஸ்டிக்கை ஒரே இழுப்பில் துடைத்தாள். சந்தனம், குங்குமம், எல்லாம் அந்த ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி என்னிடம் நீட்டினாள்.

"பாருங்க" என்றாள். "கொஞ்சம்கூடப் படல."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்குமே படவில்லை.